வலது பக்கத்து மரை

முதலில் பின்னால் திருப்ப வேண்டும். மூடியைக் குழாயின் வாயில் வைத்து, உள்ளே இருக்கிற ஸ்பிரிங் திமிறுவதை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, கழற்றுகிற பக்கமாக ஸ்பேனரை மெல்லத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் மூடி மயிரிழை கீழே இறங்கும். டிக் என்று சத்தம் வரும். மூடியைச் சுற்றி ஓடுகிற மரையும் குழாய்க்குள் ஓடுகிற மரையும் சந்தித்துக்கொண்ட சத்தம் அது. அதற்கப்புறம் முன்னால் திருப்பினால் எந்த முரண்டும் பண்ணாமல் இறங்கும். அந்த டிக் வருவதற்குள் அவசரப்பட்டு முன்னால் திருப்பினால் மரை கோணலாகப் பிடிக்கும். கோணலாகப் பிடித்ததைப் பலம் கொடுத்து இறுக்கினால் இரும்பை இரும்பு சீவிவிடும். மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் மாட்டுவதில் கஷ்டமான இடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கழற்றுவது, துடைப்பது, எண்ணெய் ஊற்றுவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அமுக்க, ஒருவர் திருப்ப. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து திருப்புகிறவர் அவர், அமுக்குகிறவள் நான். "ஏய், வந்து அமுக்கு" என்பார். அடுப்பில் எது இருந்தாலும் தணித்து வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அமுக்குவேன். அந்த டிக் அவருக்குக் காதில் கேட்கும். எனக்கு உள்ளங்கையில் கேட்கும், அவருக்குக் கேட்பதற்கு ஒரு கணம் முன்பே. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் என்ன சொல்லுவார் என்று தெரியும். "உனக்கு மரை கழண்டிருக்குடி" என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது சிரிக்க முடியாது. ஷெட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலது கை மடியில் கிடக்கிறது, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. வாயின் வலது ஓரம் ஈரமாக இருக்கிறது. கண் மட்டும் பழைய கண். என் கையை, ஸ்பேனரை, குழாயை, மறுபடி என் கையை, அந்தக் கண் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேளாங்கண்ணிக்குப் போக வேண்டுமாம். மாதா கொடியேற்றத்துக்கு வருஷா வருஷம் திருச்சியிலிருந்து இந்த வண்டியில்தான் போவோம், அவர் முன்னால், நான் பின்னால், பையன் சின்னவனாக இருந்தவரை டாங்க்கின் மேல் ஒரு துண்டு விரித்து அவன். இந்த வருஷமும் போகணும் என்கிறார். போகலாமா என்று கேட்கவில்லை. "போறோம்" என்கிறார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்குப் போன வார்த்தைகள் எத்தனையோ, இந்த வார்த்தை போகவில்லை. போன வியாழக்கிழமை நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம், தெருவில் வந்த தபால்காரரைக் கூப்பிட்டு வண்டியை உதைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வலது கை ஆக்சிலேட்டரைப் பிடிக்காது என்று அவருக்கே தெரியும். அதனால் பிசியோதெரபிக்காரர் கொடுத்த பேண்டேஜ் துணியால், இடது கையும் பல்லுமாக, வலது கையை ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். முன் பிரேக்கும் அந்தக் கையில்தான். வண்டி முதல் கியரில் கத்திக்கொண்டே தெருக்கோடி வரை போயிருக்கிறது. அங்கே இஸ்திரி வண்டிக்கார செல்வியின் மகள் நடுத்தெருவில் சாக்கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தாள். நான் மருந்துப் பையோடு முனை திரும்பும்போது பார்த்தது கடைசிக் காட்சியை மட்டும்தான்: முன் சக்கரம் கட்டங்களின் குறுக்கே ஏறிப் போய், யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்த மணல் குவியலில் முட்டி, முன்பக்கம் அப்படியே குனிந்து, உள்ளே இரும்பும் இரும்பும் மோதி டங் என்றது. அந்தப் பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றது. கையில் சில்லு. அழவில்லை. நான்தான் கை முடிச்சை அவிழ்த்தேன். விரல்கள் நீலமாக இருந்தன. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்க்கவில்லை. முன் ஃபோர்க்கைப் பார்த்தார். "ஸ்பிரிங்... தளந்து போச்சு" என்றார். "அதான்."

அதான். தப்பு கையில் இல்லை, கண்ணில் இல்லை, அறுபத்தெட்டு வயதில் இல்லை, ஸ்பிரிங்கில். பக்கவாதம் வருவதற்கு முன்பே டெல்லியிலிருந்து தருவித்து அலமாரி மேல் வைத்திருந்த பார்சலை எடுக்கச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்றேன். சாப்பிடாமல் உட்கார்ந்தார். பையனுக்குப் போன் பண்ணினேன். புனேயில் இருக்கிறான், பின்னால் ஏதோ கூட்டத்தின் சத்தம் கேட்டது. "அம்மா, அப்பாவை டிஸ்கரேஜ் பண்ணாதீங்கம்மா. வண்டி வேலை பார்த்தா மனசு நல்லாருக்கும். அதுவும் ஒரு பிசியோ மாதிரிதான்" என்றான். பிள்ளையின் மேல் ஏத்தப் பார்த்தாருடா என்றேன். "ஏத்தலல்ல?" என்றான். டாக்டர், ஓட்டக்கூடாது சார் என்று சொல்லிவிட்டு, சொன்னதே போதும் என்கிற மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சாவியை ஒளித்து வைத்தேன், ஓர் ஆணியை வைத்துத் திருப்பினார். பிளக்கைக் கழற்றிப் பருப்பு டப்பாவில் போட்டேன், யாரையோ அனுப்பிப் புதுப் பிளக் வாங்கிவிட்டார். பெட்ரோலை இறக்கினேன், பங்க் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வண்டியில் கெட்டுப்போனால் மறுபடி கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். அதை எனக்குச் சொன்னவரும் அவரேதான். வலது குழாயின் வாய் மரை. ஏற்கெனவே ஒரு தடவை கெட்டுப்போய் லேத்தில் கொடுத்துப் புதிதாக வெட்டியது. "இன்னொரு தடவை வெட்ட இதுல இரும்பு இல்ல. இந்த மாடல் குழாய் எங்கயும் கிடையாது. இந்த மரை போச்சுன்னா வண்டி போச்சு, பாத்து அமுக்கு" என்று ஒவ்வொரு தடவையும், கோயிலில் சாமியார் சொல்லுகிற அதே ராகத்தில் சொல்லுவார். அமுக்குகிறவளிடம் சொல்லுவார். மரையைக் கெடுக்கக்கூடியது திருப்புகிற கை. ஆனால் எச்சரிக்கை எப்போதும் அமுக்குகிற கைக்குத்தான்.

எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, முன் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்க விட்டாயிற்று. கீழே இருக்கிற சின்னத் திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்தாயிற்று. கறுத்து, செதில் செதிலாக மின்னிக்கொண்டு, மீன் கழுவின தண்ணீர் வாடை. காலைப் பூசைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இந்த வாடையில் குந்திக்கொண்டிருக்கிறேன், மாதாவைப் பார்க்கப் போகத்தான் இந்த வேலை என்றால் மாதா கணக்கில் எடுத்துக்கொள்வாளா. கொக்கி போட்ட கம்பியை விட்டுப் பழைய ஸ்பிரிங்குகளை இழுத்தேன். பேப்பர் விரித்து, புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தேன். அப்படித்தான் வைக்க வேண்டும் என்று நாற்காலியிலிருந்து கண் சொன்னது. பழசு ஒரு கட்டைவிரல் அகலம் குட்டை. எங்கேயும் விரிசல் இல்லை, துரு இல்லை, சுற்று ஒன்றுகூடக் குறையவில்லை. ஸ்பிரிங் உடைவது அபூர்வம் என்று அவர் சொல்லுவார். தாங்கித் தாங்கிக் குட்டையாகிவிடும், அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் புதுசை வைத்தால்தான் தெரியும். நான் என் பக்கத்தில் எதையும் வைத்துப் பார்த்ததில்லை. வைத்தால் என்ன தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தபோது எனக்குக் காது நல்ல காது என்று சூப்பர்வைசர் அம்மா சொன்னாள். வரிசையாகத் துளைகள், வரிசையாகக் கயிறுகள், யார் பேசி முடித்தார்கள், யார் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு சின்ன டிக்கில் சொல்லிவிடுவேன். தஞ்சாவூர் லைன் விழுகிற டிக் வேறு, மெட்ராஸ் லைன் விழுகிற டிக் வேறு. வீட்டுக்கு வந்தால் இந்த டிக். ஊரெல்லாம் பேசின பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு வந்து இங்கே ஒரு மூடியை அமுக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளே குக்கர் சத்தம் போட்டது. "அடுப்பு..." என்றார் அவர். "தெரியும்" என்றேன். எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன். அதுவும் நான்தானே.

இடது புருவத்தில் கையை வைத்தால் இப்போதும் ஒரு பள்ளம் தட்டுப்படும். பையன் கைக்குழந்தை. தூளியில் போட்டுவிட்டு வந்து அமுக்கினேன். அன்றைக்கு அவருக்கு அவசரம். கம்பெனி நண்பர்கள் கொல்லிமலை போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வலது குழாய். டிக் வரவில்லை. என் உள்ளங்கையில் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. "இன்னும் விழலைங்க" என்றேன். "நீ அமுக்கு. திருப்பறது நானு" என்றார். முன்னால் திருப்பினார். கரகரவென்று நொய்யரிசியை மெல்லுகிற மாதிரி உள்ளங்கையில் அரைபட்டது. பலம் கொடுத்தார். மூடி துள்ளி எகிறி என் புருவத்தில் அடித்து, எங்கேயோ போய் விழுந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். அவர் தரையில் முட்டி போட்டுத் தேடுகிற சத்தம். "எங்க விழுந்துச்சு? எங்கடி விழுந்துச்சு? பாத்தியா?" மூடி கிடைத்த பிறகு, அதைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, என்னைப் பார்த்தார். "அய்யய்யோ" என்றார். அய்யய்யோ என்றது நிஜம்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். தோளில் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தையல் போடும்போது கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் லேத்துப் பட்டறையில் குழாயைக் கொடுக்கும்போது நானும் கட்டோடு கூட நின்றிருந்தேன். பட்டறைக்காரர் மரையைப் பார்த்து, "என்ன சார் இப்படிக் கடிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வீட்ல கையை எடுத்துட்டாங்க" என்றார். பட்டறைக்காரர் என் கட்டைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் மறக்க வேண்டியதெல்லாம் மறந்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு மட்டும் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி இருக்கிறது, நாக்கு அங்கேயே போய்ப் போய் வருகிறது. நான் கையை எடுக்கவில்லை. அமுக்குகிறவளால் கையை எடுக்கவே முடியாது, எடுத்தால் மூஞ்சியில் அடிக்கும் என்று அமுக்கினவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து கதை அதுதான். ஒழுங்காக மாட்டிய தடவையெல்லாம், "நானே மாட்டினேன், ஒரு மெக்கானிக் கை பட்டதில்ல." ஏதாவது பிசகினால், "இவ சரியா அமுக்கல."

இடது பக்கத்தை நான் தனியாகவே முடித்தேன். ஸ்டூலின் மேல் ஏறி, துணியை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்து, உடம்பு எடையை இடது கை வழியாக இறக்கி, வலது கையால் ஸ்பேனரைப் பின்னால் திருப்பினேன். புது ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். தோள்பட்டை நடுங்கியது. டிக். உள்ளங்கையில் ஒரு தடவை, காதில் ஒரு தடவை, இரண்டும் இன்றைக்கு எனக்கே. முன்னால் திருப்பினேன், இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது, உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. இது வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, ஒரு வேலை சரியாக உட்கார்ந்ததும் கை தானாகச் சந்தோஷப்படுகிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி அண்ணன் கறிக்கடைப் பையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சவரி சார், காலையிலேயே ஃபோர்க்கைப் பிரிச்சுப் போட்டாச்சா? கறிக்கடைல ஒரே கூட்டம்னு பயந்துக்கிட்டே போறேன். உங்களுக்கு ஈரல் கீரல் சொல்லவா?" என்றார். நான் ஸ்டூலின் மேல் நிற்கிறேன். முழங்கை வரை எண்ணெய். கையில் ஸ்பேனர். கலியமூர்த்தி அண்ணனின் கண் என் வழியாக ஊடுருவி நாற்காலிக்குப் போகிறது. நாற்காலியில் அவர் நிமிர்ந்தார். வார்த்தையைத் தொண்டைக்குள் தேடினார், எனக்கும் சேர்த்து மூச்சு முட்டியது. "நானே... மாட்டறேன்" என்றார். "பின்னே, சாருக்குச் சொல்லணுமா" என்றார் கலியமூர்த்தி அண்ணன். "ஏம்மா, வேளாங்கண்ணிக்கு இந்தத் தடவையும் டபுள்ஸ்தானா? அம்பது வயசுக்கு மேல எங்க வீட்டுக்காரி பஸ்ஸுலகூட என் பக்கத்துல உக்கார மாட்டேங்கறா. நீங்க குடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குடுத்து வெச்சவள். எதைக் கொடுத்தேன், எங்கே வைத்தேன்.

ஒரு தடவை நானும் ஓட்டியிருக்கிறேன். கம்பெனி மைதானத்தில், ஒரு சாயங்காலம், கேட்டுக் கேட்டு வாங்கினது. "நீ அமுக்கு, போதும்" என்றுதான் பல மாசம் சொன்னார், பிறகு என்ன நினைத்தாரோ இறங்கிக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். ஒரே ஒரு சுற்று. மேடு வந்தபோது முன்பக்கம் ஏறி, இறங்கி, மூச்சு விட்டது. எத்தனையோ தடவை நான் அமுக்கி உள்ளே அனுப்பின ஸ்பிரிங் உள்ளேயிருந்து என் இரண்டு உள்ளங்கையையும் திருப்பி அமுக்கியது. இதற்காகத்தானா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரித்துக்கொண்டே வந்து நிறுத்தினேன். அவரும் சிரித்தார், நல்ல சிரிப்பு, கன்னத்தைத் தட்டினார். அப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "இவ ஓட்டினா பாருங்க, நான் பின்னாலயே செபமாலை சொல்லிக்கிட்டு ஓடினேன்" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் ஓடவில்லை. மைதானத்து ஓரத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் எத்தனையோ வீட்டில் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு இப்போது எனக்கே அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்கிறது. என்னிடம் இருந்த ஒரு சுற்றையும் அவர் ஓடிவிட்டார்.

வலது குழாயில் எண்ணெய் ஊற்றினேன். ஸ்பிரிங்கை இறக்கினேன். வாய்க்கு மேலே அது தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அமுக்கு என்கிறது. வெளியே தெருக்கோடியில் சில்லு தரையில் தேய்ந்து போகிற சத்தம், அப்புறம் ஒற்றைக் கால் தொப் தொப் என்று. பழைய கட்டத்தின் மேல் டயர் தடம் போகாமல் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை பக்கத்தில் புதுக் கட்டம் போட்டிருக்கிறாள். கோயிலுக்குப் போகிறவர்கள் இரண்டையும் தாண்டிப் போகிறார்கள். மூன்று விதமாகச் செய்யலாம். ஒழுங்காக மாட்டலாம். மாட்டினால் இன்னும் சில நாளில் கையை மறுபடி ஹேண்டில்பாரோடு கட்டிக்கொள்வார், பின்னால் ஏறு என்பார். ஏறாவிட்டால் தனியாகப் போவார். அவர் செத்துப்போவார் என்று நான் அவ்வளவு பயப்படவில்லை, கடவுள் மன்னிக்கட்டும், சாகாமல் திரும்பி வருவாரே என்றுதான் பயம். இடது கையும் போய், இடது காலும் போய், கண் மட்டும் மிச்சமாக ஒரு கட்டிலில், நான் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டுத் துடைத்துக்கொண்டு. இல்லை, அதுகூட இல்லை. அதற்கு முன்னால் ஒரு சாக்கட்டிக் கட்டம் இருக்கும். இரண்டாவது, அரைகுறையாகக் கோணலாகப் பிடிக்கவிட்டு நிறுத்தலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வல்லம் தாண்டி ஒரு குழியில் இறங்கும்போது மூடி துள்ளும், ஸ்பிரிங் எகிறும், எல்லாம் முடியும். இதை யார் நினைத்தது? இந்தத் தலைதான் நினைத்தது. என் தலைதான், இவ்வளவு ஒழுங்காக, படிப்படியாக. பின்னால் நானும்தானே உட்கார்ந்திருப்பேன் என்று அதே தலை சிரிக்கிறது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மூன்றாவது, கெடுத்தால் முழுசாகக் கெடுப்பது. எந்த மெக்கானிக் வந்து பார்த்தாலும், இது இனிமேல் ஓடாது என்று உதட்டைப் பிதுக்குகிற மாதிரி. இது அவருக்காகவா, அந்தப் பிள்ளைக்காகவா? அவருக்காக, பிள்ளைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புருவத்துப் பள்ளம் ஏன் துடிக்கிறது. லேத்துப் பட்டறைச் சிரிப்பு ஏன் நாக்கில் வருகிறது. நல்ல காரணத்தின் கீழே வேறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, சட்டிக்குக் கீழே கரி மாதிரி. கரி இல்லாமல் சட்டி சூடாகுமா. போகட்டும். எதனால் சூடானால் என்ன, இறக்கி வைக்க வேண்டியதுதான்.

ஸ்டூலில் ஏறித் துணியை மடித்தேன். இடது பக்கத்திலேயே தெம்பெல்லாம் போயிருந்தது. அமுக்கினேன், ஸ்பிரிங் என்னைத் தூக்கிப்போட்டது. மறுபடி அமுக்கினேன், மூடி வழுக்கியது. நாற்காலி கிறீச்சென்றது. அவர் எழுந்திருந்தார். தடியை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து, வண்டியின் அந்தப் பக்கம் வந்து நின்றார். இடுப்பை டாங்க்கில் சாய்த்தார். தடியைக் கீழே போட்டார். "நகரு" என்றார். "அமுக்க... நானு." நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன். துணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். இடது கை, மோதிரம் சதைக்குள் புதைந்த கை. அந்தக் கையை மூடியின் மேல் வைத்து, உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தார். ஸ்பிரிங் உள்ளே போனது. முகம் சிவந்து, வாய் ஓரத்தில் எச்சில் இறங்கி, என் கண்ணுக்குக் கீழே அவர் தலை. இத்தனை வருஷமும் அவர் பார்த்த இடத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயிருந்து அமுக்குகிறவரின் முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். இதுகூட இன்றைக்குத்தான் தெரிகிறது. ஸ்பேனரைப் பொருத்திப் பின்னால் திருப்பினேன். மெல்ல. இன்னும் மெல்ல. டிக். இரண்டு பேருக்கும் கேட்டது. அவருக்கு முதல் தடவையாக உள்ளங்கையில் கேட்டிருக்க வேண்டும், தலை லேசாக நிமிர்ந்தது, "ம்" என்றார். முன்னால் திருப்பு என்று அர்த்தம். நான் நிறுத்தவில்லை. இன்னும் பின்னால் போனேன், டிக்கைத் தாண்டி, மூடி மறுபடி ஏறி உட்காருகிற வரை. தலை முழுசாக நிமிர்ந்தது. ஸ்பேனரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, முன்னால் ஒரு வெட்டு வெட்டினேன். கோணலாகப் பிடித்தது. "பின்னால" என்றார். முன்னால் திருப்பினேன். "பின்னால... பின்னால." இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கினேன். கரகரவென்று ஆரம்பித்தது. அந்தச் சத்தம் என் மணிக்கட்டில் ஏறியது, ஆனால் அவர் உள்ளங்கையில்தான் அரைபடும், எனக்குத் தெரியும், நொய்யரிசி மெல்லுகிற மாதிரி. அவர் கையை எடுத்திருக்கலாம். எடுத்தால் விழுந்துவிடுவார், உடம்பு முழுக்க அந்தக் கையில்தான் நிற்கிறது. அமுக்குகிறவரால் கையை எடுக்க முடியாது. "மரை... மரை..." என்றார். பொடிப்பொடியாக இரும்புத்தூள் மூடியின் ஓரத்தில் பிதுங்கி வந்தது, வெள்ளியாக மின்னியது. பாதி இறங்கிக் கோணலாக நின்றது. இதற்கு மேல் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதிலும் நான் அவசரப்படவில்லை.

தோளில் அவர் கையைப் போட்டு நாற்காலிக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். உள்ளங்கையில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம் பதிந்திருந்தது, துணியையும் மீறி. எனக்கும் பதியும், சாயங்காலத்துக்குள் போய்விடும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார், அன்றைக்கு மாதிரி மூடியைத் தேடாமல் முதலில் என் முகத்தை, ரொம்ப நேரம். நான் எதையும் மறைத்துக்கொள்ளவில்லை. பனியன் வேஸ்ட் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட்டில் சத்தம். கலியமூர்த்தி அண்ணன் திரும்பி வந்துகொண்டிருந்தார், பை கனத்துத் தொங்கியது. "என்ன சார், முடிஞ்சுதா? வேளாங்கண்ணி வரைக்கும் குதிரை மாதிரி போகணுமே" என்றவர், மூடி கோணலாகப் பாதியில் நிற்பதையும் இரும்புத்தூளையும் பார்த்துவிட்டார். அவருக்கும் கொஞ்சம் வண்டி வேலை தெரியும். "அய்யய்யோ, என்ன சார் இது? இந்த மரைதானே கிடைக்காதும்பீங்க? யாரு மாட்டினது?" என்றார். சில்லு தேய்கிற சத்தம் நின்றிருந்தது, பிள்ளை கட்டத்தைத் தாண்டுகிறாள் போல. அவர் வார்த்தையைத் தேடவில்லை. என்றைக்கும் இல்லாமல், ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் சொன்னார்.

"இவதான் மாட்டினா."

கலியமூர்த்தி அண்ணன் என் புருவத்தைப் பார்த்தார், அப்புறம் சிரிப்பதற்குத் தயாராக வாயைத் திறந்தார். இந்தத் தடவை நான் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

"ஆமாண்ணே" என்றேன். "நான்தான் மாட்டினேன்."